மூடி மேல வெச்ச பொட்டு

வாங்க தம்பி. செருப்பு வெளியவே கிடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. கோயமுத்தூர்லேருந்து பஸ்லயா வந்தீங்க? ஒரு பழைய சிடி பிளேயரைப் பாக்கவா புதுக்கோட்டைக்கு இம்புட்டுத் தூரம்? பொண்ணு போன்ல சொன்னப்ப நான் நம்பலை. முதமுதல்ல வந்த பெட்டிகளை மட்டும் தேடி அலையிற ஆளுங்க இருக்காங்கப்பா, ஓடலைன்னாலும் வாங்கிக்குவாங்கன்னா. ஓடாத வண்டியை வாங்கி எந்த ஊருக்கும்மா போவாங்கன்னு கேட்டேன். இப்ப நீங்க வந்து நிக்கிறீங்க. உக்காருங்க. காப்பி நான்தான் போடணும், வீட்ல அவ இல்லை. ஓசூர்ல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா.

போயிருக்கான்னா, போன ஆயுத பூஜைக்கு மறுநாள் போனவ. இந்தா, அடுத்த ஆயுத பூஜையே வரப் போகுது. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அந்தப் பெட்டி வெளிய போனாத்தான் நான் உள்ள வருவேன்னு சொல்லிட்டா. ஒரு மெஷினுக்கும் மனுஷிக்கும் சக்களத்திச் சண்டை, நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? அதான் விக்கிறேன். இல்லைன்னா உங்களை வாசப்படி தாண்ட விட்டிருக்க மாட்டேன். ரசம் வைக்கத் தெரியாம, தினம் மோரை ஊத்தித் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு தம்பி. வீடும் கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு. அவ வந்தாகணும். அதுக்காக அவ செஞ்சது இல்லைன்னு ஆயிடாது.

அதோ, மேஜை மேல துணி போர்த்தி இருக்குல்ல, அதுதான். துணியை நானே எடுக்கிறேன். இப்பப் பாருங்க. ஒரு கீறல் உண்டா? இந்தப் பொத்தானை அமுக்கினா மூடி எந்திரிக்கும். எம்புட்டு நிதானமா எந்திரிக்குது பாத்தீங்களா, மாப்பிள்ளை வீட்டுக்காரன் எந்திரிக்கிற மாதிரி. உள்ள நடுவுல சின்னதா ஒரு கண்ணாடி மினுங்குதே, அதுதான் லேசர் கண்ணு. அது வழியாத்தான் சிடித் தட்டைப் படிக்கும். கையை வெக்காதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. விலை பேசுறதுக்கு முன்னாடி, இது எப்படிப் பாழாப் போச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

இது சிங்கப்பூர்லேருந்து வந்தது. கொண்டு வந்தது என் மச்சினன் அடைக்கலம், அவளோட தம்பி. அங்க கப்பல் பட்டறையில வெல்டரா இருந்தான். இந்தப் பெட்டியை ஏரோப்ளேன்ல மேல வெக்க மாட்டேன்னு அடம் பிடிச்சு, மடியிலயே வெச்சுக் கொண்டு வந்தான். அக்காவுக்குப் பாட்டுன்னா உசுரு மச்சான், அக்காவுக்காகத்தான் வாங்கினேன்னான். சொல்லுவான்ல, குடுக்கிறப்ப ஒரு பேச்சுக்கு. அவளுக்கு எதுக்கு சிடி பிளேயர்? நான் மின்சார வாரியத்துல என்ஜினியர். கரண்டு படிச்சவன். வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தா அதை யாரு பாத்துக்கணும்? நாந்தான் பாத்துக்கிட்டேன்.

கூட வந்த கையேட்டை வரிக்கு வரி படிச்சேன். அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பெட்டிக்கு அடியில ஒரு திருகாணி இருக்கு. இடம் மாத்துறப்ப, ஒரு காசை வெச்சு அதை இறுக்கிடணும். உள்ள இருக்கிற கண்ணு ஆடாம அசையாம அப்படியே நிக்கும். பச்சைப் புள்ளையைத் தூக்குறப்ப கழுத்துக்குக் கை குடுப்போம்ல, அந்த மாதிரி. அடைக்கலம் அந்தத் திருகாணியை இறுக்கித்தான் கொண்டு வந்தான், இங்க வந்து அவனே தளர்த்தி விட்டுப் பாட வெச்சான். நான் அந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. பெட்டியை ஒரு முழம் நகத்தணும்னாலும் முதல்ல பாக்கெட்லேருந்து காசை எடுப்பேன். அவகூடக் கேலி பண்ணுவா, என்னைத் தூக்கினா எந்தத் திருகாணியை இறுக்குவீங்கன்னு. அப்பல்லாம் இப்படி ஏதாவது சொல்லுவா.

கூட ஒரு தட்டு வந்துச்சு, கம்பெனிக்காரனே குடுத்தது. அதுல பாட்டுக் கிடையாது. ரயில் வரும், மழை பெய்யும், கண்ணாடி டம்ளர் விழுந்து உடையும். அதைக் கேக்க சாயங்காலம் சாயங்காலம் தெருவே இங்க வந்துச்சு தம்பி. எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் நாற்காலியைத் தூக்கிட்டே வருவார். நான் முதல்ல ஃபேனை நிறுத்துவேன். எல்லாரும் மூச்சு விடுறதைக் கொஞ்சம் அடக்குங்கம்பேன். டேப்புல ஒரு இரைச்சல் இருக்கும், ரிகார்டுல பொரியுற சத்தம் இருக்கும். இதுல ஒண்ணும் கிடையாது. சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரு நிசப்தம் இருக்கே, அது அந்தக் காலத்துல எவனும் கேக்காதது. அதைக் கேக்கத்தான் நான் எல்லாரையும் கூப்பிட்டேன்.

நான் தட்டைப் போடுறப்ப அடுப்படியில குக்கர் வெக்கக் கூடாது, அது ஒரு சட்டம். தாளிக்கவும் கூடாது. ஒருதரம் தலைமையாசிரியர், வளையல் சத்தம் கேக்குதேன்னார். கேட்டுச்சுதான். சௌந்தரம், கொஞ்சம் அதைக் கழட்டி வெச்சுடேன்னேன். சௌந்தரம்ங்கிறது அவ பேரு. கழட்டினா. கண்ணாடி வளையலா, ரெண்டு உடைஞ்சு போச்சு. மழைச் சத்தத்துக்கு நடுவுல துல்லியமாக் கேட்டுச்சு. அவ ஹாலுக்கு வர மாட்டா, ஆம்பளைங்க இருப்பாங்கல்ல, கதவிடுக்குல நின்னு கேப்பா. ஒருநாள் எல்லாரும் போனப்புறம், இதுல பாட்டே வராதான்னு கேட்டா. தட்டு இருந்தாத்தானே வரும்னேன். அவ தம்பிக்குக் கடுதாசி போட்டா போலிருக்கு, நல்ல பாட்டாப் பாத்து ஒண்ணு அனுப்புடான்னு. எனக்குத் தெரியாது, அப்புறந்தான் தெரிஞ்சுது.

அந்த வருஷம் ஆயுத பூஜை. எங்க வீட்ல எல்லாத்தையும் கழுவித் துடைச்சு சாமி முன்னாடி வரிசையா வெச்சிருவோம். அரிவாமணை, தையல் மெஷின், என்னோட டெஸ்டர், பொண்ணோட பாடப் புத்தகம், எல்லாம். எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். வெச்சா அன்னிக்கு ஒண்ணையும் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து ஓட்டணும். இந்தப் பெட்டியையும் வெக்கணும்னு அவதான் சொன்னா. என் தம்பி கொண்டு வந்தது, பூஜையில வெக்காம இருக்கலாமான்னா. சரின்னு நாந்தான் தூக்கிட்டுப் போனேன். அவளைத் தூக்க விடுவேனா? காசை எடுத்துத் திருகாணியை நல்லா இறுக்கிட்டு, அதுக்கப்புறந்தான் கையில எடுத்தேன். அந்த அளவுக்குக் கவனம் நான். எல்லாம் வெச்சு முடிச்சுட்டு, பொட்டு வெக்கிற வேலையை அவகிட்ட விட்டேன். அங்கதான் தப்பு நடந்துச்சு.

மறுநாள் காலையில வீடு நிறைய ஆளு. விஜயதசமியாச்சே, நல்ல நாள்ல ஒரு ரயில் விடுங்க சார்னு தலைமையாசிரியர் கேட்டார். பெட்டியைத் தூக்கிட்டு வந்து பழைய இடத்துல வெச்சேன். எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க, அப்படியே மூடியைத் தொறந்தேன். உள்ள பாத்தா, கண்ணைச் சுத்திச் சிவப்பு சிவப்பா இருக்கு. குங்குமம். தட்டைப் போட்டு அமுக்கினேன். லேசா ஒரு அசைவு, அவ்வளவுதான், நின்னு போச்சு. எடுத்தேன், பஞ்சை வெச்சுத் துடைச்சேன், திரும்பப் போட்டேன். அசைவு, நிப்பு. அசைவு, நிப்பு. அத்தனை பேரு முன்னாடியும் தம்பி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அவளைக் கூப்பிட்டேன். லேசர் கண்ணுக்கா பொட்டு வெச்சேன்னு கேட்டேன். அவ முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே வந்தவ, மிரண்டு போயி நின்னா.

"மூடி மேலதாங்க வெச்சேன். அதை எப்படித் தொறக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"அப்ப குங்குமம் நடந்து உள்ள போச்சா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை, திரும்பவும் பஞ்சை எடுத்தேன். அவ உள்ள போயிட்டா. சாயங்காலம் சாப்பாடு போடுறப்ப, நேத்து அடியில ஏதோ திருகினீங்களே, அதைத் திரும்பன்னு என்னமோ ஆரம்பிச்சா. நான் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். செய்யிறதையும் செஞ்சுட்டு எனக்கே பாடம் எடுக்க வர்றாளேன்னு அம்புட்டு ஆத்திரம். அதோட சரி, அதுக்கப்புறம் அவ அதைப் பத்தி வாயே திறக்கலை. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்கல்ல, அதான்.

நான் சும்மா இருக்கலை. இங்க ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்த சேவியர்கிட்ட மடியில வெச்சுத்தான் எடுத்துட்டுப் போனேன். அவன் நேரத்தை வீணடிக்க வேணாமேன்னு, போன உடனேயே விஷயத்தைச் சொல்லிட்டேன். இந்த மாதிரி, லென்ஸ்ல சந்தனம் பட்டு உள்ள இறங்கிடுச்சு, லென்ஸ் போச்சுன்னு. அவன் புரட்டிப் பாக்கலாம்னு கையை வெச்சான். விடுவேனா? தலைகீழாப் புரட்டினா கண்ணு இடம் மாறிடும், கையேட்டுல போட்டிருக்குன்னேன். சரி சார், நீங்க சொன்னா அதுதான், லென்ஸ்தான்னான். மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போயி அங்க ஒருத்தன்கிட்டயும் இதையே விளக்கிச் சொன்னேன். அவனும் லென்ஸ்தான்னான், புது லென்ஸ் வெளிநாட்லேருந்துதான் வரணும்னான். எல்லாரும் ஒண்ணு போல சொல்றாங்கன்னா, அப்ப அதுதானே உண்மை?

தீபாவளி கழிஞ்சு ஒரு ஆளு சிங்கப்பூர்லேருந்து வந்தவன், ஒரு பொட்டலம் குடுத்துட்டுப் போனான். அடைக்கலம் அனுப்பினது. பிரிச்சா ஒரு தட்டு, பழைய படப் பாட்டு, பொம்பளைக் குரல்ல பாடினது மட்டும் பொறுக்கிச் சேத்தது. மேல அக்காவுக்குன்னு எழுதியிருந்தான். அவ அதைக் கையில வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்தா. நான் வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டினேன். பின்ன? இதுக்கும் சந்தனம் பூசவா? பெட்டி சரியாகட்டும், போடலாம்னேன். அந்தப் பேச்சுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க.

மறுவருஷம் பட்டறையில இரும்புத் தகடு சரிஞ்சு அடைக்கலம் போயிட்டான். கல்யாணம் ஆகாத பையன். உடம்பைப் பெட்டியில வெச்சு அனுப்பினாங்க. நான் திருச்சி போயி எடுத்துட்டு வந்தேன். அவ அழுதாளா அழலையான்னுகூட எனக்கு இப்ப ஞாபகம் இல்லை, நான் அந்த வேலை இந்த வேலைன்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அவ அந்தத் தட்டைக் கேக்கவே இல்லை. பின்னாடி சிடி பிளேயர் தெருவுக்குத் தெரு வந்துச்சு, கூறு போட்டு விக்காத குறை. பொண்ணு வளர்மதி வேலைக்குப் போனதும் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. அம்மா, மாமா அனுப்புன தட்டை இதுல போட்டுக் கேளும்மான்னா. அதுக்கு இவ சொல்றா:

"அவன் மடியில வெச்சுக் கொண்டு வந்த பெட்டியில பாடினா கேக்கிறேன். இல்லைன்னா எனக்கு வேணாம்."

எப்படி இருக்கு பாருங்க. பாட விடாமப் பண்ணினவ பேசுற பேச்சா இது? பிடிவாதம் தம்பி. நான் வேணும்னா புதுப் பெட்டியில போட்டுக் கேக்கலாம்னு நினைச்சேன், அப்புறம் அவ பொருள் நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். உறை பிரிக்காம இன்னும் பீரோவுலதான் இருக்கு.

சரி, சண்டை எதுக்குன்னு கேக்கிறீங்க. அதான் எனக்கும் புரியலை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் இந்தப் பெட்டியையும் கொண்டாந்து வெப்பேன். எல்லாத்துக்கும் பொட்டு உண்டு, இதுக்கு மட்டும் கிடையாது. வந்தவங்க யாராவது ஏன்னு கேப்பாங்க. இது அப்பவே வாங்கிக்கிச்சும்பேன். அப்புறம் கதையைச் சொல்லுவேன். கோவமாச் சொல்ல மாட்டேன் தம்பி, நடிச்சுக் காட்டுவேன். இப்படி நாக்கை லேசா வெளிய நீட்டிக்கிட்டு, விரலைச் சந்தனத்துல தொட்டு, கண்ணைத் தேடித் தேடிப் போயி அப்புவேன். அப்ப குங்குமம் நடந்து உள்ள போச்சான்னு அந்த இடம் வர்றப்ப சின்னப் புள்ளைங்க உருண்டு புரண்டு சிரிக்கும். சொந்தக்காரங்க, மாமா அந்தக் கதையைச் சொல்லுங்கன்னு கேட்டு வாங்குவாங்க. அவளும் சிரிப்பா. அடுப்படியில இருப்பா, ஆனாலும் சிரிப்பான்னுதான் நினைக்கிறேன்.

போன வருஷம் சம்பந்தி வீட்லேருந்து எல்லாரும் வந்திருந்தாங்க. நல்லா எடுபட்டுச்சு. சம்பந்தியம்மா கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுட்டு, இவளைப் பாத்து, என்ன சம்பந்தி, இப்படியா பண்ணுவீங்கன்னாங்க. இவ கையில பாயசக் கிண்ணம். கிண்ணத்தைச் சிந்தாமக் கீழ வெச்சா. மறுநாள் காலையில பொண்ணு கிளம்புறப்ப கூடவே ஒரு பையை எடுத்துட்டு நின்னா. நாலு நாளைக்குப் போறா போலன்னு நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஏறி உக்காந்துட்டு ஜன்னல் வழியாச் சொன்னா:

"அந்தப் பெட்டி அங்க இருக்கிற வரைக்கும் நான் வரலை. நீங்க ரெண்டு பேரும் இருங்க."

இதுக்குப் போயி ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போவாளா? ஒரு அடி அடிச்சிருப்பேனா, ஒரு கெட்ட வார்த்தை பேசியிருப்பேனா? அவகிட்டயே கேளுங்க. ஒரு வேடிக்கைக் கதையைத் தாங்க முடியலைன்னா என்ன மனுஷி? பொண்ணு போன் பண்ணினா நான் அம்மாகிட்டக் குடுன்னு சொல்லுவேன், அம்மா குளிக்கிறாம்பா. எந்த நேரம் கேட்டாலும் குளிக்கிறா. கடைசியில நான்தான் இறங்கி வந்தேன், சரி வித்துத் தொலைன்னேன். கேட்டுக்கிட்டீங்களா? இதுதான் கதை. லென்ஸ் போன பெட்டி, அதுக்குத் தகுந்த விலை நீங்களே சொல்லுங்க.

தம்பி, தம்பி, என்ன பண்றீங்க? புரட்டாதீங்க. இப்பத்தானே சொன்னேன். ஒருக்களிச்சா பரவாயில்லையா? நீங்க இந்த மாதிரி எத்தனையோ பாத்திருக்கீங்க, சரி, இருந்தாலும் என் வீட்ல இருக்கிற வரைக்கும் பதனமா. என்ன கேட்டீங்க? காசா? எதுக்கு? இந்தாங்க, ஒத்த ரூபாதான் இருக்கு.

என்ன? இறுக்கித்தான் இருக்குதா? இருக்கட்டுமே. இறுக்கி இருந்தா என்ன?

கண்ணு நகராதுன்னா, அது தெரியும் எனக்கு. அதுக்குத்தானே அந்தத் திருகாணி. யாரு இறுக்கினதுன்னு என்னைக் கேட்டா? நானா? நான் எப்பச் சொன்னேன்? இடம் மாத்துறப்ப இறுக்கணும்னு பொதுவாச் சொன்னேன். பூஜைக்குத் தூக்குறப்ப இறுக்கினேன்னும் சொன்னேனா? சரி, சொல்லியிருப்பேன். மறுநாள் தளர்த்தியிருப்பேன் தம்பி, நான் தளர்த்தாம இருப்பேனா? சேவியர்கிட்டக் கொண்டு போனப்ப இறுக்கியிருப்பேன். அதுக்கு முன்னாடி தளர்த்தித்தான் இருந்திருக்கும். இல்லைன்னா அவ தூசி தட்டுறேன்னு எதையாவது திருகியிருப்பா. அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

டார்ச் அடிச்சுப் பாக்கிறீங்களா, பாருங்க. நல்லாப் பாருங்க, கறை தெரியும். இல்லையா? பளிச்சுன்னு இருக்குதா? ஓரத்துல சிவப்பா இருக்குமே. தூளா? மேல மூடியிலேருந்து உதிர்ந்ததுன்னா சொல்றீங்க? மூடியைத் துடைக்காமத் தொறந்தா விழும். தொறந்தது நான்தான். சரி, அதை விடுங்க.

திருகாணியைத் தளர்த்திட்டீங்களா? சரி. ஸ்பீக்கரா அது, பையில வெச்சிருக்கிறது? உள்ளங்கை அளவு இருக்கு. ஒயரை அங்க சொருகுங்க. கம்பெனித் தட்டு இல்லை, பேரன் விளையாடித் தொலைச்சுட்டான். வேற ஒண்ணும் கிடையாது. அதுவா? அது அவளோடது தம்பி. அவளுக்குன்னு அவ தம்பி அனுப்பினது. இருங்க, யோசிக்கிறேன். வேற தட்டு இல்லையே, என்ன பண்றது. பாடவா போகுது, சும்மா ஒரு சோதனைக்குத்தானே. பீரோ சாவி என் இடுப்புலதான் இருக்கு. இந்தாங்க. உறையை நீங்களே கிழிங்க, எனக்குக் கை வரலை.

ஃபேனை நிறுத்துறேன்.

கேக்குதா? அந்த நிசப்தம். அதுதான் தம்பி, அதேதான். நகருதா கண்ணு? நம்பர் ஓடுதே. ஓடுது.

இருங்க. பேசாதீங்க.

இந்தப் பாட்டு எனக்குத் தெரியும். பேரு தெரியாது, ஆனா தெரியும். அவ மாவு அரைக்கிறப்ப முணுமுணுத்துக்கிட்டே இருப்பா. என்னத்தையோ இழுக்கிறாளேன்னு நினைப்பேன், சத்தம் போடாம வேலையைப் பாருன்னுகூடச் சொல்லியிருக்கேன். முழுசாக் கேட்டா இப்படியா இருக்கும் இது? இம்புட்டு அழகாவா? அந்தப் பையன் தேடி அலைஞ்சிருக்கான் பாருங்க, அக்கா முணுமுணுக்கிற பாட்டுன்னு. தம்பி, அந்தச் சொம்பை எடுங்க. தண்ணி. ஒண்ணும் இல்லை. வயசாச்சுல்ல.

போன். பொண்ணுதான். நிறுத்துங்க. நிறுத்துங்க தம்பி, அமுக்குங்க அந்தப் பொத்தானை.

சொல்லு வளரு. ஆமா, வந்திருக்கார். பாத்துக்கிட்டு இருக்கார். எடுத்துக்குவார்னுதான் நினைக்கிறேன். யாரு? அம்மாவா? குடு.

சொல்லு சௌந்தரம்.

ம்.

இல்லை. பாடலை. போட்டுப் பாத்தாரு, ஓடலை. லென்ஸ் போனது போனதுதானே.

ம். ம். சரி. வெள்ளிக்கிழமையா? சரி, நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன்.

வெச்சுட்டா. வெள்ளிக்கிழமை வர்றாளாம் தம்பி. அவளே பேசினா. எப்படி இருக்கீங்க, என்ன சாப்பிட்டீங்க, ஒண்ணும் கேக்கலை. கடைசியா ஒரு தடவை அந்தப் பெட்டி பாடிச்சாங்க? அது ஒண்ணைத்தான் கேட்டா.

ஏன் அப்படிப் பாக்கிறீங்க? வேற என்ன சொல்றது அவகிட்ட? இத்தனை வருஷம் கழிச்சு, பாடுதுடின்னு சொன்னா அந்த உடம்பு தாங்குமா? தம்பியை நினைச்சு அழுவா. எல்லாத்தையும் முதல்லேருந்து கிளறுவா. அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். வர்றேன்னு சொல்லியிருக்கிறவளை எதுக்குக் குழப்பணும்? வந்து இருக்கட்டும், ரசம் வெக்கட்டும், பூஜைக்கு நாலு பேரு வருவாங்க, போவாங்க. பெட்டி இல்லைன்னா பேச்சும் குறையும்.

விலை என்ன விலை, நீங்க குடுக்கிறதைக் குடுங்க. அந்தத் தட்டையும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. வேணாம்னு சொல்லாதீங்க. உறை கிழிஞ்சிருக்கிறதை அவ பாத்தா, ஏன் கிழிஞ்சுதுன்னு கேப்பா. தட்டு எங்கன்னு கேட்டா, பெட்டியோட சேந்து போயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்.

துணியை நல்லாச் சுத்திக்கங்க. பஸ்ல குலுங்கும், மடியிலயே வெச்சுக்கங்க. அட, காசை இங்கயே வெச்சுட்டீங்களே. இந்தாங்க. அந்தத் திருகாணியைப் பழையபடி இறுக்கிடுங்க தம்பி. நல்லா இறுக்குங்க.